பீரோவுக்குப் பூட்டு எதற்கு?

(ஒரு சிற்றூர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு நம்மை அழைத்த தோழர்கள், நூல் நிலையத்தின் பெருமையைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். பெருமை பேசுவது புராணப் பிரசங்கிகளின் தொழில். அதில் பேசுகிறவருக்குத் தட்சணை உண்டு. கேட்கிறவர்களுக்குத் தூக்கம் உண்டு. நமக்கு அவ்விரண்டும் வேண்டியதில்லையாகையால், நம் நூல் நிலையங்களைப் பிடித்து ஆட்டுகின்ற ஒரு பேயைப் பற்றிச் சொல்லலாமென்று வந்திருக்கின்றோம். பேய் இல்லையென்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர்கள் மேடையேறிப் பேயைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். இது புளியமரத்துப் பேயல்ல. "புத்தகம் காணாமல் போய்விடுமே, யார் பதில் சொல்லுவது?" என்கின்ற பயமாகிய பேய். இதை ஓட்டாமல் எத்தனை நூல் நிலையம் கட்டினாலும், எத்தனை புதுமை கொண்டுவந்தாலும் ஒரு பயனும் இல்லையென்பதே நமது அபிப்பிராயம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஊருக்குக் கூட்டத்திற்காகப் போயிருந்தோம். கூட்டம் சாயங்காலம். பகல் பொழுது போகவேண்டுமே என்று அவ்வூர் நூல் நிலையத்துக்குப் போனோம். மேஜையின் மேல் நான்கு தினசரிகள். அவற்றைச் சுற்றி வயோதிகர்கள் ஐந்து பேர். சுவரோரமாக மூன்று இரும்பு பீரோவும் ஒரு மர பீரோவும் இருந்தன. நான்கிலும் பூட்டு. பத்தாவது வகுப்புப் படிக்கின்ற பையன் ஒருவன் வந்து, மின்சார மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்பதைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டான். "அந்த மர பீரோவிலே இருக்கு தம்பி. சாவி இப்போ இங்கே இல்லை, அப்புறம் வா" என்று அங்கிருந்தவர் சொன்னார். "போன வாரமும் இப்படித்தான் சார் சொன்னீங்க" என்றான் பையன். நாம் கொஞ்சம் பிடிவாதமாகச் சொன்னதன் பேரில், அவருடைய மேஜை டிராயரிலிருந்தே சாவி வெளிவந்தது. பீரோவைத் திறந்தார்கள். கீழ்த்தட்டு இரண்டிலும் புத்தகம் இல்லை. புத்தக உருவத்தில் மண் இருந்தது. பையன் கேட்ட புத்தகத்தின் முதுகு அட்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது. மீதியெல்லாம் கரையானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தோழர்களே! அந்தப் புத்தகத்தைத் திருடன் கொண்டுபோயிருந்தால் அவனாவது படித்திருக்கலாம். அவன் பழைய காகிதக் கடையில் போட்டிருந்தாலும், கடலை கட்டின பொட்டலத்தைப் பிரித்து யாராவது நாலு வரி படித்திருப்பார்கள். கரையான் தின்றதனால் கரையானுக்கு மோட்டார் ஓட்டவா தெரியப்போகிறது?

நமக்குக் கோபம் வந்தது வாஸ்தவம். ஆனால் அந்த நூல் நிலையக்காரர் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு கோபம் வேறு பக்கம் திரும்பிற்று. அவர் சொன்னார்: "ஐயா, ஒரு புத்தகம் தொலைஞ்சா என் சம்பளத்திலே பிடிச்சுக்குவாங்க. கரையான் தின்னா, கரையான் தின்னுடுச்சுன்னு எழுதிக் கொடுத்தா போதும்."

இதைவிட ஒரு விளக்கம் வேண்டுமா? கரையானுக்கு மன்னிப்பு உண்டு. வாசகனுக்கு மன்னிப்பு இல்லை. பூட்டி வைத்தவனுக்குக் குற்றமில்லை. திறந்து கொடுத்தவனுக்கு அபராதம். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்துக்கொண்டு, "நூல் நிலைய ஊழியர்களுக்கு ஊக்கமில்லை, புதிய யோசனை இல்லை" என்று கூட்டம் போட்டுக் குறை சொல்லுகிறவர்களை என்னவென்று சொல்லுவது? புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கிறவன் சில சமயம் தவறுவான். சில பொருளை இழப்பான். இழந்தால் உன் தலையில் என்று சொல்லிவிட்டால் எவன் செய்து பார்ப்பான்? மூன்று பிள்ளைகளை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவன் பூட்டைத்தான் நம்புவான். நாமாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

நிற்க, இந்தப் பூட்டுப் புத்தி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு என்ற ஊரின் பெரிய கோவிலில் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு நூல் நிலையம் இன்றும் இருக்கிறது. அங்கு ஒவ்வொரு புத்தகத்திற்கும் இரும்புச் சங்கிலி. கன்றுக்குட்டியைக் கட்டினமாதிரி புத்தகத்தைக் கட்டி, சங்கிலி எட்டுகின்ற தூரத்திலுள்ள சாய்மேஜையில் வைத்துத்தான் படிக்கவேண்டும். இன்று அதைக் காட்சிப் பொருளாக வேடிக்கை பார்க்கிறார்கள். நம்முடைய பெரியவர்களுக்கு அந்தச் சங்கிலிச் செலவுகூட இல்லை. சூத்திரன் படித்தால் பாவம், காதால் கேட்டால் தண்டனை என்று எழுதிவைத்துவிட்டதனால், சங்கிலியைப் புத்தகத்திற்குப் போடாமல் மனிதனுக்கே போட்டுவிட்டார்கள். அந்த மிச்சம்தான் வருஷத்தில் ஒரு நாள் புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் தெளித்து, "இன்றைக்குத் தொடக்கூடாது, படிக்கக்கூடாது" என்று சரஸ்வதி பூசை செய்வது. வீட்டில் ஒரு நாள் செய்கின்ற பூசையை நம் நூல் நிலையங்கள் 365 நாளும் செய்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கிலாந்தில் சங்கிலி போன பிறகும் மனம் போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை அங்குள்ள பொது நூல் நிலையங்களில் வாசகர்கள் புத்தக அலமாரியின் பக்கமே போகமுடியாது. முன்னால் ஒரு தடுப்பு, அதன்மேல் ஆயிரக்கணக்கான எண்கள் எழுதின ஒரு பெரிய சட்டம். எண்ணுக்கு நேரே ஒரு நிறமிருந்தால் புத்தகம் உள்ளே இருக்கிறது. வேறு நிறமிருந்தால் வெளியே போயிருக்கிறது. ரயில் டிக்கெட் வாங்குகிற மாதிரி எண்ணைச் சொல்லிப் புத்தகத்தை வாங்கவேண்டியது. எடுத்துப் பார்க்காமல், புரட்டிப் பார்க்காமல், புத்தகத்தை எண்ணாலே தெரிந்துகொள்ளுகிற சக்தி வாசகனுக்கு இருக்கவேண்டும்! லண்டனில் கிளார்க்கன்வெல் என்ற பகுதி நூல் நிலையத்தின் அதிகாரியான ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்பவர், அமெரிக்காவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1894-ல் தடுப்பை எடுத்துவிட்டு வாசகர்களை அலமாரிக்குள்ளேயே விட்டார். உடனே என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஜனங்கள் அல்ல, மற்ற நூல் நிலைய அதிகாரிகளே எதிர்த்தார்கள். திருட்டுப் போகும், புத்தகங்களை இடம்மாற்றி வைத்துவிடுவார்கள், ஒழுங்கு கெடும் என்று வருஷக்கணக்காய் வாதாடினார்கள். எண் எழுதின சட்டத்தைக் கண்டுபிடித்தவரும் எதிர்ப்பவர்களில் ஒருவராயிருந்தார். தொழிலுக்கு ஆபத்து வந்தால் தத்துவம் தானாகப் பிறக்கும். இது நம் ஊர்க் குருக்களிடம் நாம் தினமும் பார்க்கின்ற விஷயம்தானே.

பிரவுன் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உள்ளே போக ஒரு சிறு கதவும் வெளியே வர ஒரு சிறு கதவும் வைத்து, வெளியே வருகிறவர் ஊழியரைத் தாண்டித்தான் வரவேண்டும் என்று செய்தார். துணிச்சல் என்பது இதுதான். வரக்கூடிய நஷ்டத்தை முன்னதாகவே கணக்குப் போட்டு, அதைத் தாங்குகின்ற அளவுக்கு ஏற்பாடு செய்துகொண்டு, பிறகு திறந்துவிடுவது. இன்று உலகத்தில் பெரும்பாலான பொது நூல் நிலையங்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. எதிர்த்தவர்களின் பெயரை யார் கேட்கிறார்கள்?

நம் சென்னையிலும் இதைச் செய்தவர் உண்டு. 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராக வந்த சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்கள், இங்கிலாந்துக்குப் போய்க் கற்றுவந்து, அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். 1931-ல் அவர் எழுதின நூலக விதிகள் ஐந்தில் முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்காகவே என்பது. நாம் முன்னே சொன்ன சங்கிலிக் கதையைக் கொண்டுதான் அவரும் இந்த விதியை விளக்குகிறார். அவர் பிறப்பால் பார்ப்பனராயிற்றே, அவரை நீங்கள் புகழலாமா என்று ஒரு தோழர் வழியில் கேட்டார். சொல்லுகிறவன் யார் என்று பார்த்துப் புகழவும் இகழவும் செய்வதானால், நமக்கும் மடாதிபதிகளுக்கும் என்ன பேதம்? புத்தகம் உபயோகத்திற்கே, ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய புத்தகம் என்கின்ற விதிகள் மனுவின் விதிக்கு நேர் எதிரானவை. ஆகவே அவை நம்முடைய விதிகள்.

வாசகர்களை உள்ளே விடுவது ஒரு துணிச்சல். புத்தகத்தையே வெளியே கொண்டுபோவது அதைவிடப் பெரிய துணிச்சல். அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில் ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரின் நூல் நிலையத்தை மேரி டிட்கோம் என்ற பெண்மணி நடத்திவந்தார். சுற்றுப்புறமெல்லாம் குடியானவர்கள். அவர்கள் பட்டணத்துக்கு வந்து புத்தகம் வாங்குவது எப்போது என்று யோசித்து, 1905-ல் ஒரு குதிரை வண்டிக்கு வெளிப்பக்கம் அலமாரி வைத்துப் புத்தகங்களை அடுக்கிக் கிராமங்களுக்கு அனுப்பினார். முதலில் வண்டிக்குக் கறுப்பு வர்ணம். ஒரு குடியானவர் அதைப் பிணவண்டி என்று நினைத்து, "எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை" என்கிற பாவனையில் விரட்டிவிட்டாராம். அந்த அம்மாள் அதற்காக வண்டியை நிறுத்தினாரா? சக்கரத்துக்கும் கதவுக்கும் சிவப்பு வர்ணம் அடித்தார். 1910-ல் ரயில் பாதையைக் கடக்கும்போது கூட்ஸ் வண்டி மோதிப் புத்தக வண்டி சுக்கு நூறாகப் போயிற்று. நம் ஊராயிருந்தால் விசாரணைக் கமிட்டி போட்டு, வண்டி விடச் சொன்னது யார் என்று கண்டுபிடித்து, அவரைத் தண்டித்து, இனிமேல் எந்த வண்டியும் விடக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் போட்டு முடித்திருப்பார்கள். சாதகம் பார்த்துக் கிரகம் சரியில்லை என்பவர்களும் இருப்பார்கள். அங்கு 1912-ல் அதே காரியத்திற்கு மோட்டார் வண்டி வந்தது.

நமக்கும் அப்படி ஒரு வண்டி இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் முயற்சியில் மாட்டு வண்டியில் நூல் நிலையம் கட்டிக் கிராமம் கிராமமாய் ஓட்டினார்கள். கோவில் தேரை இழுக்க ஆயிரம் பேர் வடம் பிடிக்கிற ஜில்லாவில், இந்தத் தேருக்கு இரண்டு மாடும் ஒரு வண்டிக்காரரும் போதுமாயிருந்தது. தேர் வருஷம் தவறாமல் ஓடுகிறது. புத்தக வண்டியைப் பற்றி ஊரிலேயே ஞாபகமில்லை.

இனி, அபராதத்தின் சங்கதி. புத்தகம் தாமதமாய் வந்தால் நாளுக்கு இவ்வளவு என்று தண்டம் போட்டால்தான் ஒழுங்காய்த் திரும்பி வரும் என்பது எல்லா நூல் நிலையங்களிலும் வேதவாக்கு. இந்த வேதத்தையும் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. சிகாகோவில் 2019-லும் நியூயார்க்கில் 2021-லும் தாமதத் தண்டத்தை அடியோடு எடுத்துவிட்டார்கள். புத்தகத்தைத் திருப்பியே கொடுக்காவிட்டால் அதன் விலை உண்டு, தாமதத்துக்கு ஒன்றுமில்லை. எடுப்பதற்கு முன் நியூயார்க்கில், 15 டாலருக்கு மேல் பாக்கி வைத்ததற்காக அட்டை முடக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இருந்தார்கள். யார் அவர்கள்? பெரும்பாலும் ஏழைகள் வசிக்கின்ற பகுதிக்காரர்கள். பணக்காரன் தண்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவான். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை தண்டத்திற்குப் பயந்து அந்தத் தெருப்பக்கமே போகாது. புத்தகமும் வீட்டுப் பரணிலே கிடக்கும். தண்டம் போனதும் என்ன ஆயிற்று? வருஷக்கணக்காய் வராதிருந்த புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தன. புத்தகத்தைக் காப்பாற்ற வைத்த தண்டம், புத்தகத்தையும் வாசகனையும் சேர்த்து விரட்டிக்கொண்டிருந்தது என்பது எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சோதித்துப் பாராமல் இது எப்படித் தெரியும்?

இவ்வளவும் பொருள் நஷ்டத்துக்கான துணிச்சல். வேறு ஒரு துணிச்சலும் உண்டு. அதை நூல் நிலையக்காரர்கள் செய்யாதபோது வாசகர்களே செய்தார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்து அலெக்சாண்டிரியா என்ற ஊரில், எல்லாருடைய வரிப்பணத்திலும் நடந்த நூல் நிலையத்தில் கறுப்பு மக்களுக்கு இடமில்லை. 1939 ஆகஸ்டு 21-ந் தேதி, சாமுவேல் டக்கர் என்ற 26 வயது கறுப்பு வக்கீலின் யோசனைப்படி ஐந்து வாலிபர்கள் ஒருவர்பின் ஒருவராய் உள்ளே போய், மரியாதையாக உறுப்பினர் அட்டை கேட்டார்கள். இல்லையென்றதும் ஆளுக்கொரு புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, தனித்தனி மேஜையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். கூச்சலில்லை, கலகமில்லை, படித்தார்கள், அவ்வளவுதான். போலீஸ் வந்து ஐவரையும் பிடித்துக்கொண்டு போயிற்று. ஊர்க்காரர்கள் செய்த சமாதானம் என்ன தெரியுமா? 1940-ல் கறுப்பு மக்களுக்கென்று தனி நூல் நிலையம் ஒன்று கட்டினார்கள். நம் டீக்கடைகளில் தனிக் கிளாஸ் வைத்த அதே புத்தி! அந்தத் தனி நூல் நிலையத்தின் அட்டை எனக்கு வேண்டாமென்று டக்கர் மறுத்துவிட்டார். ஐவர் மேலிருந்த வழக்கைக் கோர்ட்டு முறைப்படி தள்ளினது 2019-ல். 80 வருஷம் ஆயிற்று.

நம் ஊரில் அப்படி யாரையும் தடுப்பதில்லையே என்று சொல்லுவீர்கள். வெள்ளைக்காரன் போனபின் முதலாவதாக ஏற்பட்ட நூல் நிலையச் சட்டமே 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்ததுதான். சட்டப்படி கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் கதவு எந்தத் தெருவில் இருக்கிறது? சேரியிலிருக்கின்ற பெண் பிள்ளை எந்தத் திண்ணைகளைத் தாண்டி அங்கு வரவேண்டும்? வந்தால் அந்த ஐந்து வயோதிகர்களும் தினசரியைத் தாழ்த்திக்கொண்டு அவளை எப்படிப் பார்க்கிறார்கள்? நூலக வரி வசூலிக்கும்போது தெரு பார்ப்பதில்லை. நூல் நிலையத்தை, அல்லது அதன் ஒரு கிளையையாவது, சேரியின் நடுவிலே கொண்டுபோய் வைத்து, வேண்டுமானால் மற்றவர்கள் அங்கு வந்து படிக்கட்டும் என்று சொல்ல எந்த அதிகாரி துணிவார்? ஆயிரம் கம்ப்யூட்டர் வாங்குவதைவிட இது பெரிய புதுமை, செலவும் குறைவு.

கம்ப்யூட்டர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. புதுமை என்றால் புதுச் சாமான் வாங்குவது என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. வாங்கின கம்ப்யூட்டருக்குத் துணி உறை போட்டு, ஆயுத பூசையில் பொட்டு வைத்து, தூசி படாமல் காப்பாற்றுகின்ற இடங்களை நாம் கண்டிருக்கிறோம். இது பழைய பீரோவின் புது அவதாரம். அமெரிக்காவில் பெர்க்கிலி நகரத்து நூல் நிலையம் 1979 முதல் சுத்தியல், ரம்பம், துளைபோடும் கருவி இவைகளையே புத்தகம்போல் இரவல் கொடுத்து வருகிறது. கையில் பட்டுக்கொள்ளுவார்களே, உடைத்துவிடுவார்களே என்று அங்கேயும் யோசித்திருக்கமாட்டார்களா? பின்லாந்தில் ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறந்த ஊடி என்ற நூல் நிலையத்தில் தையல் இயந்திரம், பாட்டுப் பதிவு செய்யும் அறை, சமையலறை எல்லாம் உண்டு. புத்தகம் படித்த பெண் அங்கேயே உட்கார்ந்து தைத்துப் பார்க்கலாம். நம் ஊரில் இப்போதே தையல் இயந்திரம் வை என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தப் பையனுக்கு மோட்டார் புத்தகத்தோடு, பிரித்துப் பார்க்கப் பழுதான மோட்டார் ஒன்றையும் கொடுத்தால் என்ன நஷ்டம் வந்துவிடும்? பழுதான மோட்டார் மேலும் பழுதாகும், ஆகட்டுமே.

சரி, நஷ்டத்துக்கு யார் பதில் சொல்லுவது என்ற பழைய கேள்விக்கு வருவோம். இதற்குக் காகிதத்திலே வழியில்லாமலும் இல்லை. மத்திய சர்க்காரின் 2017-ஆம் வருஷத்துப் பொது நிதி விதிகளில், நூல் நிலையப் புத்தகங்களைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. வருஷத்தில் இரவல் கொடுத்த, எடுத்துப் பார்த்த 1000 புத்தகங்களுக்கு 5 வீதம் காணாமல் போனால், ஊழியரின் அயோக்கியத்தனத்தாலோ கவனக்குறைவாலோ போகாதவரையில், அது நியாயமான நஷ்டம் என்று கொள்ளலாம் என்கிறது. 1000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அபூர்வமான புத்தகமும் போனால் மாத்திரம் விசாரிக்கவேண்டும். இதிலுள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். பீரோவில் இருக்கிற புத்தகத்தைக் கொண்டு கணக்கல்ல. ஜனங்கள் எடுத்த புத்தகத்தைக் கொண்டு கணக்கு. வருஷத்தில் 20000 தடவை புத்தகம் கொடுத்தவனுக்கு 100 புத்தகம் வரை போகலாம். பூட்டி வைத்து ஒன்றுமே கொடுக்காதவனுக்கு ஒன்றுகூடப் போகக்கூடாது! இந்த விதி மத்திய சர்க்கார் நூல் நிலையங்களுக்குத்தான். நம் கிராமத்து நூல் நிலையத்தை இது கட்டுப்படுத்தாது. ஆனால் இதே மாதிரி ஒரு விதியைக் கிராமத்து நூல் நிலையத்தின் கடைசிச் சிப்பந்தி வரை எழுத்து மூலமாகக் கொடுத்து, சம்பளத்தில் கைவைக்கமாட்டோம் என்று சொல்லட்டும். பிறகு பாருங்கள், சாவி எவ்வளவு சீக்கிரத்தில் அகப்படுகிறதென்று.

அதிகாரிகளை இவ்வளவு பேசிவிட்டு நம்மைப் பேசாமல் போவது யோக்கியமல்ல. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வாசகசாலையைச் சுற்றிப் பார்த்தோம். பத்திரிகைகள் மேஜைமேல் இருக்கின்றன, சந்தோஷம். ஆனால் மூலையிலுள்ள பீரோவில் பூட்டு தொங்குகிறது. உள்ளே கண்ணாடி வழியாய்த் தெரிவதெல்லாம் நம் இயக்கப் புத்தகங்கள், டார்வினைப் பற்றி ஒன்று, வைத்தியப் புத்தகங்கள், சட்டப் புத்தகங்கள். காரியதரிசித் தோழரைக் கேட்டோம். "இரண்டு புத்தகம் போய்விட்டது, அதனால் பூட்டினோம்" என்றார். எந்த இரண்டு என்று கேட்டதற்கு, ஒன்று கர்ப்பத்தடையைப் பற்றினது, மற்றொன்று பெண்கள் சொத்துரிமையைப் பற்றினது என்று சொன்னார். தோழர்களே, அவ்விரண்டையும் எடுத்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவை எந்த மாதிரியான வீட்டுக்குள், எந்த மாதிரியான கைக்குப் போயிருக்கக்கூடும் என்று இங்கு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு ஒருவாறு தெரிந்திருக்கும். பெயரைச் சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கக்கூடிய புத்தகமா அவை? அதற்காகவா பூட்டு?

ஆகையால் காரியதரிசிக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கூட்டம் முடிந்ததும் அந்தப் பூட்டைக் கழற்றி நம்மிடம் கொடுத்துவிடுங்கள். ஊருக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். போன இரண்டு புத்தகங்களுக்கும் பதிலாக, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதிகள் அடுத்த வாரம் தபாலில் வரும். அவற்றை நோட்டில் பதியாமல், பெண்கள் வந்து போகிற பக்கத்து வாசலண்டை ஒரு பலகையில் வையுங்கள். இன்று முதல் ஒரு வருஷத்துக்குக் காணாமல் போகிற புத்தகங்களின் விலையை நாம் கொடுக்கிறோம். போனது எத்தனை, எடுத்துப் படித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் கணக்கைப் படியுங்கள். நம்மை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் கேட்க வருவோம்.